டெக்னிக்கல் டைவிங் தொடங்குகிறவர்களுக்கு: ஆழம் அப்புறம், முதலில் கை பழகட்டும்

தென்னாப்பிரிக்காவின் சோட்வானா கடற்கரையில் டூ மைல், செவன் மைல் ரீஃபெல்லாம் இறங்கிப் பார்த்தாச்சு, நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடின காற்று) கார்டும் இருக்கிறது, இனி இரட்டைச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் கீழே போகலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், உம்கோமாஸ் பக்கத்திலிருந்து வருகிற நம் பிள்ளைகள் எடுத்ததும் கேட்பது "எவ்வளவு ஆழம் போகலாம் அண்ணா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இதை: முதுகுக்குப் பின்னால் இருக்கிற மூன்று வால்வையும் கண்ணை மூடிக்கொண்டு மூடித் திறக்க உனக்கு வருமா? வராது என்றால் ஆழத்தைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை.

பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குள், டிகம்ப்ரஷன் நிறுத்தம் தேவைப்படாத நேரத்துக்குள் இருக்கிறவரை, என்ன கோளாறு வந்தாலும் நிதானமாக நீர்மட்டத்துக்கு வந்துவிடலாம். டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. உடம்பில் கரைந்திருக்கிற நைட்ரஜனும், ஹீலியம் கலந்த வாயு என்றால் அந்த ஹீலியமும் வெளியேற நேரம் கொடுத்து, 21 மீட்டரில் கொஞ்சம், 12-இல் கொஞ்சம், 6-இல் நிறைய என்று நின்று நின்றுதான் வர வேண்டும். பயந்துபோய் நேராக மேலே வந்தால் கைகால் விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். ஆகவே கோளாறு எந்த ஆழத்தில் வந்ததோ அந்த ஆழத்திலேயே, கையில் இருக்கிறதை வைத்தே சரிசெய்தாக வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுத் தண்ணீரில் இறங்காதீர்கள். ஐஏஎன்டிடி, டிடிஐ, ஜியுஇ, பாடி டெக் என்று எந்த அமைப்பின் பயிற்சியாக இருந்தாலும் சரி, ஒரு நல்ல பயிற்சியாளரிடம் போங்கள். போகும்போது எதை எதிர்பார்க்கலாம், வீட்டில் எதைப் பழகிக்கொண்டு போகலாம் என்பதற்குத்தான் இது உதவும்.

கருவிகளைக் கட்டும் முறை

ஜாக்கெட் மாதிரிப் போட்டுக்கொள்கிற பிசிடியை, அதாவது காற்று ஊதி மிதப்பைச் சரிசெய்கிற கருவியை, மறந்துவிடுங்கள். முதுகுக்கு ஒரு பேக்பிளேட் தகடு, அதில் கோத்த ஒரே நீளப் பட்டை, அதற்குமேல் விங் என்கிற காற்றுப் பை, இரட்டை 12 லிட்டர் சிலிண்டர். இரண்டு சிலிண்டரையும் மேலே மேனிஃபோல்டு என்கிற குழாய் இணைக்கும், நடுவில் இரண்டையும் பிரிக்கிற ஐசொலேட்டர் வால்வு இருக்கும். வலது வால்வில் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள ஹோஸ். நீங்கள் மூச்சு விடுகிற ரெகுலேட்டர் அதில்தான் இருக்கும். விங்கை ஊதுகிற ஹோஸும் வலதில். இடது வால்வில் குட்டை ஹோஸோடு மாற்று ரெகுலேட்டர், ரப்பர் கயிற்றில் கோத்துத் தாடைக்குக் கீழே தொங்கும். பிரஷர் கேஜும், டிரை சூட் (தண்ணீர் புகாத உடை) போடுகிறவர்களுக்கு அதன் ஹோஸும் இடதில்.

நீள ஹோஸ் ஏன் வலதில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மனப்பாடம் செய்யாதீர்கள். குகையிலோ கப்பலுக்குள்ளோ முன்னால் நீந்தும்போது வால்வுக் குமிழ் கூரையில் உரசினால் இடதுபக்கக் குமிழ் மூடுகிற திசையில் உருளும், வலதுபக்கக் குமிழ் திறக்கிற திசையில் உருளும். தானாக மூடிக்கொள்ள வாய்ப்புள்ள வால்வில், தோழருக்கு உயிர்மூச்சாகக் கொடுக்க வேண்டிய ஹோஸை மாட்டக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

காற்று தீர்ந்து வருகிறவர் உங்கள் வாயில் இருக்கிற ரெகுலேட்டரைத்தான் பிடுங்குவார், அதுதான் வேலை செய்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். அதனால் வாயில் இருப்பதையே எடுத்துக் கொடுத்துவிட்டு, தாடைக்குக் கீழே தொங்குகிறதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். இந்தப் பழக்கத்துக்காகத்தான் மொத்த அமைப்பே.

கொக்கிகளில் போல்ட் ஸ்னாப் மட்டும். அழுத்தினால் தானே திறந்து வலை, நூல் எதிலும் மாட்டிக்கொள்கிற காரபினர் வேண்டவே வேண்டாம். போல்ட் ஸ்னாப்பையும் இரும்பு வளையத்தால் மாட்டாமல் மெல்லிய நைலான் கயிற்றால் கட்டுங்கள், சிக்கினால் வெட்டிவிடலாம். வெட்டுகருவி இரண்டு, இரண்டு கைக்கும் எட்டுகிற இடங்களில். டைவ் கம்ப்யூட்டர் இரண்டு, மாஸ்க் இரண்டு, பிரதான விளக்கு போக இரண்டு சின்ன விளக்கு. இதற்குமேல் எதைச் சேர்த்தாலும் அது எதற்கு என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

பட்டையின் இறுக்கத்தில்தான் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் திணறுகிறார்கள். தோள்பட்டை இறுக்கமாக இருந்தால் பாதுகாப்பு என்று இழுத்துக் கட்டிவிடுவார்கள், அப்புறம் கை பின்னால் போகாது. பேக்பிளேட் கீழே இறங்கியிருந்தாலும் வால்வு எட்டாது. பட்டைக்கும் மார்புக்கும் நடுவே முஷ்டி தாராளமாகப் போய்வர வேண்டும். பிளேட்டின் மேல்விளிம்பு கழுத்துக்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கிற எலும்புக்குப் பக்கத்தில் வரவேண்டும். தடித்த வெட் சூட்டோடும் போட்டுப் பாருங்கள், வெறும் சட்டையோடு எட்டுகிற கை அதோடு எட்டாது.

வெட் சூட்டும் இரட்டை ஸ்டீல் சிலிண்டரும்

நம் வடக்குக் கரையில் தண்ணீர் இதமாக இருப்பதால் நிறையப் பேர் வெட் சூட்டோடுதான் பழகியிருப்பார்கள். வெட் சூட் ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழந்துவிடும். முதுகில் இருப்பதோ கனமான ஸ்டீல். இரட்டை 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் அந்த வாயு மட்டுமே ஏறக்குறைய 6 கிலோ. 50 மீட்டரில் விங் கிழிந்தால் அத்தனை எடையோடு துடுப்பை மட்டும் அடித்து மேலே வர முடியுமா? முடியாது என்றால் அந்தக் கட்டு தப்பு. டிரை சூட் போடுங்கள், அல்லது அலுமினியச் சிலிண்டருக்கு மாறுங்கள், அல்லது இரட்டைப் பை உள்ள விங் வாங்குங்கள். வழி எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் கரையில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். மறுமுனையையும் சோதிக்க வேண்டும்: சிலிண்டர் ஏறக்குறைய காலியாக, 40 பார் அளவில் இருக்கும்போது 3 மீட்டரில் விங்கில் காற்றே இல்லாமல் அசையாமல் நிற்க முடிய வேண்டும். டைவின் கடைசியில், சுத்த ஆக்ஸிஜனை மூச்சாக எடுத்துக்கொள்கிற நிறுத்தத்தில் நிற்கப்போகிற நிலைமை அதுதான்.

பழகிய அமைப்பை மாற்றாதீர்கள்

வட கேப்பில் பூஸ்மன்ஸ்காட் என்கிற நன்னீர்க் குழி இருக்கிறது, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே. 1996-இல் நூனோ கோமெஸ் 282.6 மீட்டர் இறங்கிய இடம். 1994-இல் அங்கே இறந்துபோன இளைஞர் டியான் டிரையரின் உடலை எடுக்க 2005 ஜனவரி 8 அன்று டேவ் ஷா 270 மீட்டருக்கு இறங்கினார். அனுபவம் மிக்கவர், திட்டமும் பெரிது. வழக்கமாக விளக்கின் வயரைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றிவைத்துக்கொள்கிறவர், அன்று அப்படிச் செய்ய முடியாமல் இரண்டு கையாலும் வேலை பார்க்க விளக்கைத் தரையில் விட்டார். விளக்கும் கயிறும் சிக்கிக்கொண்டன. விடுவிக்க முயன்ற உடலுழைப்பில், அந்த ஆழத்து அழுத்தத்தில் மூச்சு கட்டுக்கடங்காமல் போய் இறந்துவிட்டார்.

நாம் 270 மீட்டர் போகப் போவதில்லை. ஆனாலும் இதை ஒவ்வொரு புதியவருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் அதே விஷயம் 45 மீட்டரிலும் நடக்கும். புதுக் கேமரா, கடன் வாங்கிய விளக்கு, நேற்று மாற்றிய ஹோஸ் எதுவாக இருந்தாலும் அதை முதன்முதலாகக் கொண்டுபோக வேண்டிய இடம் 6 மீட்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். அதுவும் கைக்குப் பழகின அப்புறம்தான் ஆழம்.

வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

கராஜில் ஒரு பாயை விரித்து மொத்தக் கருவிகளையும் பரப்புங்கள். ஒவ்வொரு ஹோஸும் எந்த வால்விலிருந்து கிளம்பி எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்புறம் மாட்டிக்கொண்டு, மாஸ்க்கின் கண்ணாடியை டேப் போட்டு மறைத்துவிட்டு, வீட்டில் இருக்கிற யாரையாவது "வலது", "நடு", "இடது" என்று மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். சொன்ன வால்வுக்குக் கை தேடாமல் போக வேண்டும். கேஜைக் கழற்றிப் படித்துத் திரும்ப மாட்டுவதும், விளக்கை எடுத்து எரியவிடுவதும், கத்தியை உருவித் திரும்பச் செருகுவதும் ஒரே கையால் வர வேண்டும். தடித்த கையுறை போடுகிறவர் என்றால் பழகும்போதே அதையும் போட்டுக்கொள்ளுங்கள். தினமும் கொஞ்ச நேரம் போதும், காசும் செலவில்லை. பயிற்சி நாளில் இதற்காகச் செலவாகிற நேரம் மிச்சமாகும்.

அடுத்தது நீச்சல் குளம். இங்கே முதலில் மிதப்பு. தரைக்கு ஒரு மீட்டர் மேலே, வயிறு கீழே பார்க்க, முழங்கால் மடங்கியிருக்க, அரை மீட்டருக்குமேல் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். துடுப்பைப் பின்பக்கமாக அடித்துப் பின்னால் போகவும், இருந்த இடத்திலேயே திரும்பவும் வேண்டும். நின்றால்தான் வேலை. மிதந்துகொண்டே வால்வு மூட வராதவர் வால்வு மூடப் போனால் மேலே மிதந்துவிடுவார், அப்படியானால் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம்.

வால்வுப் பயிற்சி இப்படி. தோழர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் மாற்று ரெகுலேட்டரை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். வலது வால்வை முழுக்க மூடுங்கள், இழுக்க இழுக்க மூச்சு கனத்துவரும், உடனே மாற்று ரெகுலேட்டருக்கு மாறுங்கள். வலதைத் திறந்து அந்த ரெகுலேட்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். நடு ஐசொலேட்டரை மூடி, திரும்ப முழுக்கத் திறங்கள். இப்போது நீள ஹோஸுக்கு மாறி, இடது வால்வை மூடி, மாற்று ரெகுலேட்டரை அழுத்திக் காலிசெய்து, திரும்பத் திறங்கள். கடைசியில் மூன்று குமிழையும் ஒருமுறை தொட்டு, எல்லாம் முழுக்கத் திறந்திருக்கின்றன என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்தக் கடைசித் தொடுதலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மூடிக்கிடக்கிற ஐசொலேட்டரோடு இறங்கினால் கேஜ் ஒரு சிலிண்டரைத்தான் காட்டும், மற்றது குறைந்துகொண்டே போவது தெரியாது.

நிஜமாகவே தலைக்குப் பின்னால் குமிழி கொட்டினால் எந்த வால்வை முதலில் மூடுவது என்பது பயிற்சிக்குப் பயிற்சி கொஞ்சம் மாறும். வலதை முதலில் மூடச் சொல்கிறவர்கள் உண்டு, நடுவை மூடச் சொல்கிறவர்களும் உண்டு. எதுவானாலும் உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே வரிசையில் செய்ய வேண்டும். விளக்கை ஆட்டித் தோழரைக் கூப்பிடுங்கள், அவருக்குத்தான் உங்கள் முதுகு தெரியும்.

சிலிண்டருக்குள் என்ன, எவ்வளவு

உங்கள் வாய்க்குப் போகிற வாயுவை நீங்களே அளக்க வேண்டும். நிரப்புகிறவர் எவ்வளவு நம்பிக்கையானவர் என்பது இங்கே கணக்கில் இல்லை. ஆக்ஸிஜன் சதவீதம், அதிகபட்ச ஆழம், தேதி, உங்கள் பெயரின் முதல் எழுத்து ஆகியவற்றை டேப்பில் எழுதிச் சிலிண்டர் கழுத்தில் ஒட்டுங்கள். நிறுத்தங்களில் மூச்சுக்கு வைத்திருக்கிற டிகோ (டிகம்ப்ரஷன்) சிலிண்டரின் இரண்டு பக்கமும் ஆழத்தை மட்டும் பெரிய எண்ணாக எழுதுங்கள்: 50% நைட்ராக்ஸுக்கு 21, சுத்த ஆக்ஸிஜனுக்கு 6. அடுத்தவர் தூரத்திலிருந்து படிக்க வேண்டும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஆக்ஸிஜனின் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு) 1.6 பாருக்குமேல் போனால் வலிப்பு வரும் ஆபத்து கூடிக்கொண்டே போகும். சுத்த ஆக்ஸிஜனை 21 மீட்டரில் வாயில் வைத்தால் அது 3.1 பார். வலிப்பு முன்னறிவிப்பு இல்லாமலே வரலாம், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும், அப்புறம் மூழ்கிச் சாவதுதான்.

அதனால் வாயு மாற்றுவதை ஒரு சடங்கு மாதிரி, வரிசை பிசகாமல் செய்யுங்கள். ஆழத்துக்கு வந்து அசையாமல் நில்லுங்கள். கம்ப்யூட்டரில் ஆழத்தைப் படியுங்கள், சிலிண்டரில் எழுதியிருக்கிற எண்ணைப் படியுங்கள், இரண்டையும் தோழருக்குக் காட்டுங்கள். அந்தச் சிலிண்டரின் ரெகுலேட்டரை எடுத்து, வால்விலிருந்து மவுத்பீஸ் வரை ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். வால்வைத் திறங்கள். தோழர் தன் கண்ணால் அதே ஹோஸைத் தொடர்ந்து பார்த்து "சரி" என்று சைகை கொடுத்த அப்புறம்தான் வாயில் வைக்க வேண்டும். அவர் மாற்றும்போது நீங்கள் மாற்றாமல் பார்த்துக்கொண்டிருங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாற்றினால் பார்க்க ஆளில்லை.

எவ்வளவு வாயு மிச்சம் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 40 மீட்டரில் தோழருக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர், இரண்டு பேருக்கு 60. அங்கே அழுத்தம் 5 பார், ஆக நிமிடத்துக்கு 300 லிட்டர். நிலைமையைச் சமாளிக்க 2 நிமிடம் எடுத்தால் 600. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 21 மீட்டருக்கு வர இன்னும் 510 சொச்சம். அங்கே டிகோ வாயுவுக்கு மாறுகிற 1 நிமிடத்துக்கு 190. மொத்தம் 1,300 லிட்டர். இரட்டை 12 என்றால் 24 லிட்டரால் வகுங்கள், 54 பார் வரும். 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 60 பார் உங்களுடையது இல்லை, தோழருடையது. கேஜ் அதைத் தொடுவதற்கு முன்னாலேயே மேலே கிளம்பியிருக்க வேண்டும். டிகோ சிலிண்டரே தொலைந்தால் என்ன என்பதற்குத் தனிக் கணக்கு உண்டு, அதையும் போட்டு ஈரத்தில் அழியாத ஸ்லேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குகை, கப்பல் மாதிரி மேலே மூடியிருக்கிற இடமென்றால் மூன்றில் ஒரு பங்கில் போய், ஒரு பங்கில் திரும்பி, ஒரு பங்கைத் தொடாமல் வைப்பதுதான் ஆரம்ப விதி.

அலையும் படகும்

நம் ஊரில் இது தனிப் பாடம். சோட்வானாவில் கரையிலிருந்து ரப்பர் படகை அலைக்குள் தள்ளிக்கொண்டு போக வேண்டும், உம்கோமாஸில் ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டித்தான் அலிவால் ஷோல் என்கிற பாறைத்திட்டு. படகு ஒவ்வொரு அலையிலும் தூக்கிப் போடும்போது சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடிக்கும், வால்வுக் குமிழ் உரசித் திரும்பிவிடும். கரையில் சரிபார்த்தாயிற்று என்று விட்டுவிடாதீர்கள், அலையைத் தாண்டின அப்புறம் மூன்று வால்வையும் இன்னொருமுறை தொட்டுப் பாருங்கள். மணலும் சும்மா இருக்காது. விங்கை ஊதுகிற பொத்தானை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் கேட்டால், அழுத்தினது திரும்ப வராமல் சிக்கினால், அந்தக் கட்டோடு இறங்காதீர்கள். சிக்கின பொத்தான் 30 மீட்டரில் உங்களை நீர்மட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டே இருக்கும், நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டிகோ செய்யலாம் என்று நினைக்காதீர்கள். இடம் காட்டுகிற மிதவையை நூலில் கட்டி மேலே அனுப்பிவிட்டு அதன் கீழே நீரோட்டத்தோடு போவீர்கள், படகு மிதவையைப் பின்தொடரும். மிதவை அனுப்பும்போது ஸ்பூலை (நூல் சுற்றிய உருளையை) ஒருபோதும் உடம்பில் மாட்டாதீர்கள். மேலே பார்த்து ஆளில்லை என்று உறுதிசெய்து, கொஞ்சம் காற்றை ஊதி, ஸ்பூல் விரல்களுக்கு நடுவே சுழல விட்டுவிடுங்கள். சிக்கினால் கையை விடுங்கள், இன்னொன்று கைவசம் இருக்க வேண்டும். எந்த நிறம் "எல்லாம் நலம்", எந்த நிறம் "உதவி வேண்டும்" என்று படகோட்டும் ஸ்கிப்பரோடு முன்கூட்டியே பேசுங்கள். எத்தனை மணிக்கு மிதவை தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அவருக்கு டெக்னிக்கல் டைவிங் பழக்கமில்லை என்றால் ஒரு மணி நேரம் ஆள் மேலே வராததே பயமாக இருக்கும்.

2000-ஆம் ஆண்டு அக்டோபரில் சோட்வானா பக்கத்துக் கடலடிப் பள்ளத்தாக்கான ஜெஸ்ஸர் கேன்யனில் 104 மீட்டரில், அழிந்துபோய்விட்டதாக ஒருகாலத்தில் நம்பப்பட்ட சீலகாந்த் மீன்களைப் பார்த்தது ஒரு டைவர் குழு. உலகமே திரும்பிப் பார்த்த கண்டுபிடிப்பு. அடுத்த மாதம் படம்பிடிக்கத் திரும்பிப் போனபோது ஆழத்தில் ஒருவர் நினைவிழந்தார், அவரை மேலே கொண்டுவந்த தோழர் இறந்துபோனார். எனக்கு இது மனதைவிட்டு அகலாத விஷயம். தோழர் மயங்கினால் எந்த ஆழம்வரை கூடவே வருவது, எங்கே மிதவையோடு அனுப்புவது, நடுவழியில் காத்திருக்கிற துணை டைவர் எந்த ஆழத்தில் இருப்பார் என்பதையெல்லாம் படகில் ஏறுவதற்கு முன்னால் வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பேசச் சங்கடமாக இருக்கும். பேசுங்கள். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே டைவை நிறுத்தலாம் என்பதும் அந்தப் பேச்சிலேயே வரட்டும்.

உடம்பு, உயரம், வீடு திரும்பும் வழி

புரட்டாசியிலும் காவடி நேரத்திலும் விரதம் இருக்கிறவர்கள் நம்மில் அதிகம். சைவமாகச் சாப்பிடுவதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் பட்டினியும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சேர்ந்தால் டிகம்ப்ரஷன் நோய்க்கு (கரைந்த வாயு உடம்புக்குள் குமிழியாவதால் வருவது) வாசலைத் திறந்து வைப்பது மாதிரி. விரதம் முடிந்து இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: உங்கள் வீடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் சோட்வானாவில் டிகோ டைவ் செய்துவிட்டு மதியமே காரில் கிளம்பினால், உடம்பில் மிச்சமிருக்கிற வாயுவோடு மலையேறுகிறீர்கள், விமானத்தில் ஏறுவதற்குச் சொல்கிற அதே எச்சரிக்கைதான் இதற்கும். ஓர் இரவு கூடத் தங்குங்கள், 24 மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். பிரிட்ஸ் பக்கம் மிராக்கிள் வாட்டர்ஸ், ம்புமலாங்காவில் நீர் நிரம்பிய பழைய சுரங்கமான கொமாட்டி ஸ்பிரிங்ஸ் மாதிரி உள்நாட்டு இடங்களில் பழகப் போனால் கம்ப்யூட்டரை உயரத்துக்கு ஏற்ப அமைத்துக்கொண்டீர்களா என்று பாருங்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதே ஆழத்துக்கு நிறுத்த நேரம் கூடும். மற்றபடி அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை, பழகுவதற்கு அருமையான இடங்கள்.

படகில் ஆக்ஸிஜன் பெட்டி இருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா, மாஸ்க் எங்கே என்று ஏறும்போதே கேளுங்கள். டைவர்களுக்கு அவசர உதவி செய்கிற டான் அமைப்பில் உறுப்பினராகி அதன் அவசர எண்ணை ஃபோனில் மட்டுமல்லாமல் ஸ்லேட்டின் பின்பக்கமும் எழுதுங்கள். டிகம்ப்ரஷன் நோய்க்குச் சிகிச்சை தருகிற பக்கத்து அழுத்த அறை எங்கே, இந்த வாரம் இயங்குகிறதா என்று முன்னாடியே ஃபோன் போட்டு விசாரியுங்கள், சோட்வானாவிலிருந்து டர்பனுக்கே பல மணி நேர ஓட்டம்.

மேலே வந்த அப்புறம் தோளிலோ முழங்காலிலோ வலி, தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு, காலில் மரமரப்பு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்கச் சிரமம், சொல்லத் தெரியாத அசதி, இவற்றில் ஒன்று இருந்தாலும் "சிலிண்டர் தூக்கினதால வலிக்குது" என்று தள்ளிப்போடாதீர்கள். உடனே சுத்த ஆக்ஸிஜன் கொடுங்கள், படுக்க வையுங்கள், நினைவோடு இருந்தால் தண்ணீர் கொடுங்கள், டானைக் கூப்பிடுங்கள். ஆக்ஸிஜனில் வலி போய்விட்டாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். திரும்பத் தண்ணீருக்குள் இறங்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். அவர் டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றி அவரோடேயே அனுப்புங்கள், என்ன ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.